கைவினை மின்னிசைக் கருவிகள்: தெரமின் முதல் சுற்று வளைப்பு வரை

ஆய்வுச் சுருக்கம்

இசைக்கருவிகள் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரிதும் தோல், துளை, நரம்பு ஆகிய மரபுக் கருவிகளையே மையமாகக் கொண்டுள்ளன. கடந்த நூறாண்டில் தோன்றிய மின்னிசைக் கருவிகளின் ஒலிப்புமுறையும், அவற்றைத் தனிமனிதர்கள் வீட்டு மேசையில் தம் கையாலேயே செய்துபார்த்த வரலாறும் போதிய கவனம் பெறவில்லை. தெரமின், ஸ்டைலோஃபோன், 555 நேரங்காட்டிச் சில்லால் ஆன படிநிலை ஒலியாக்கி, விளையாட்டுப் பொருள்களின் சுற்று வளைப்பு ஆகிய நான்கனையும் எடுத்துக்கொண்டு, அவை ஒலியெழுப்பும் முறையையும் அவற்றைப் பற்றிய செய்முறை அறிவு பரவிய வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது. கருவியை இசைக்கும் அறிவும் கருவியைச் செய்யும் அறிவும் பிரிந்துபோகும்போது இழக்கப்படுவது எது என்னும் வினா இவ்விளக்கத்தின் வழியே ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்னிசைக் கருவி, தெரமின், விம்மல், அலையியற்றி, 555 நேரங்காட்டி, சுற்று வளைப்பு, கருவியியல்.

முன்னுரை

ஓர் இசைக்கருவியின் வரலாறு இரு கைகளின் வரலாறு ஆகும். ஒன்று அதனை இசைக்கும் கை. மற்றொன்று அதனைச் செய்யும் கை. இசைத்தோர் பெயர்கள் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் இடம்பெற்ற அளவிற்குச் செய்தோர் பெயர்கள் இடம்பெறவில்லை. செய்முறை அறிவு பெரும்பாலும் பட்டறைக்குள்ளேயே வாழ்ந்து, பட்டறை மறையும்போது தானும் மறைந்துவிடுகிறது. யாழ் வழக்கொழிந்த பின்னர் அதன் அமைப்பையும் சுருதி அளவுகளையும் நூற்சான்றுகளைக் கொண்டு கணக்கிட்டு மீட்க விபுலாநந்த அடிகள் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 1947இல் வெளிவந்த யாழ்நூல் அவ்வுழைப்பின் பயன். பாடல்களில் யாழ் நிலைத்திருந்தும், செய்முறை நிலைக்காமையால் நேர்ந்த இழப்பு அது.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய மின்னிசைக் கருவிகளுக்கும் இச்சிக்கல் உண்டு. அது இன்னும் கூர்மையாகவும் உண்டு. மரத்தால் ஆன கருவியை உற்றுநோக்கினால் அதன் அமைப்பில் ஒரு பகுதியாவது விளங்கும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் சில்லு எதனையும் கண்ணுக்குக் காட்டுவதில்லை. எனினும், இப்பெட்டியைத் திறந்துபார்க்க விரும்பியவர்களின் தொடர்ச்சியான மரபொன்று நூறாண்டாக இருந்து வருகிறது. அறிவியலாளர், பள்ளிச் சிறுவர், இசையமைப்பாளர், பொழுதுபோக்காகச் செய்வோர் எனப் பலதரப்பட்டோர் அம்மரபில் உள்ளனர். அவர்கள் செய்தவை பலவும் விந்தைப் பொருள்களாகவே கருதப்பட்டன. அவற்றுள் சில இசையின் போக்கையே மாற்றின. அம்மரபை நான்கு கருவிகளின் வழி இக்கட்டுரை அணுகுகிறது.

கருவிப் பகுப்பில் மின்னிசைக் கருவியின் இடம்

தமிழிசை மரபில் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, மிடற்றுக்கருவி எனப் பகுப்பது வழக்கம். உலோகத்தாலான தாளக் கருவிகளைக் கஞ்சக்கருவி எனத் தனியே கொள்வோரும் உளர். ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்பதே இப்பகுப்பின் அடிப்படை. மேலைநாட்டில் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் ஆகிய இருவரும் 1914இல் வெளியிட்ட பகுப்பும் அதிரும் பொருளையே அடிப்படையாகக் கொண்டு நான்கு பெருவகைகளை வகுத்தது. மின்னிசைக் கருவிகள் பெருகியபின், 1940இல் சாக்ஸ் தம் நூலில் ஐந்தாவதாக மின்னொலிக் கருவி என்னும் வகையைச் சேர்த்தார்.

இவ்வைந்தாம் வகையில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காணவேண்டும். மின்கித்தாரில் அதிர்வது நரம்பே. மின்சாரம் அதனைப் பெருக்கித் தருகிறது. ஆதலின், அதனை நரம்புக்கருவியாகக் கொள்ளத் தடையில்லை. தெரமின் போன்றவற்றிலோ ஒலிபெருக்கியின் தாளைத் தவிர அதிரும் பொருள் எதுவும் இல்லை. இசையின் வடிவம் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாகவே சுற்றுக்குள் உருவாகிறது. இத்தகைய ஏற்ற இறக்கத்தை இடைவிடாது தோற்றுவிக்கும் சுற்று அலையியற்றி எனப்படும். நரம்பின் நீளமும் இழுவிசையும் யாழின் சுரத்தை முடிவுசெய்வதுபோல, மின்தடையும் மின்தேக்கியும் கம்பிச்சுருளும் அலையியற்றியின் அதிர்வெண்ணை முடிவுசெய்கின்றன. அலையியற்றியை இசைப்பவர் எவ்வாறு தொடுகிறார், அல்லது தொடாமலே ஆள்கிறார் என்பதில்தான் கருவிகள் தம்முள் வேறுபடுகின்றன.

தெரமின்: தொடாது இசைக்கும் கருவி

லெவ் தெர்மென் 1896இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இயற்பியலும் செல்லோ வாசிப்பும் பயின்றவர். அப்ராம் இயோஃபே தலைமையிலான இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் கருவி ஒன்றை 1920ஆம் ஆண்டளவில் உருவாக்கியபோது, கருவியின் அருகே கையை அசைத்தால் அதனின்று எழும் ஒலியின் சுருதி மாறுவதைக் கண்டார். அளவீட்டுக்கு இடையூறாக இருந்த இவ்விளைவையே அவர் இசைக்கருவியாக்கினார். 1922இல் லெனின் முன்னிலையில் அதனை இசைத்துக் காட்டினார்.

இக்கருவியின் செயல்முறை, பள்ளி இயற்பியலில் விம்மல் எனப் பயிலும் நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ ஒத்த அதிர்வெண் கொண்ட இரு ஒலிகள் ஒருங்கே எழும்போது, அவற்றின் வேறுபாட்டிற்குச் சமமான வேகத்தில் ஒலி விம்மித் தணியும். வீணைக்குச் சுருதி கூட்டுவோர் இரு தந்திகள் ஒன்றும்வரை கேட்கும் அலைவும் இதுவே. தெரமினுக்குள் இரு அலையியற்றிகள் உள்ளன. இரண்டும் செவிக்கு எட்டாத வானொலி அதிர்வெண்ணில் இயங்குகின்றன. ஒன்றன் அதிர்வெண் மாறாதது. மற்றொன்று, நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பியோடு இணைக்கப்பட்டது. மனித உடல் மின்னைக் கடத்துவதால், கம்பிக்கும் இசைப்பவரின் கைக்கும் இடையே மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று உருவாகிறது. கை நெருங்க நெருங்க அதன் மின்தேக்குத்திறன் கூடி, இரண்டாம் அலையியற்றியின் அதிர்வெண் குறைகிறது. இரு அதிர்வெண்களின் வேறுபாடே செவிக்கு இசையாகக் கேட்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் நுண்மையை உணரலாம். முதல் அலையியற்றி நொடிக்கு 1,70,000 முறை அதிர்வதாகக் கொள்வோம். கையின் அசைவால் இரண்டாவது 1,69,560 ஆகக் குறைந்தால், வேறுபாடு 440. இது செவிக்கு இதமான இடைநிலைச் சுருதி. அதிர்வெண்ணில் ஏற்பட்ட மாற்றம் 0.26 விழுக்காடு மட்டுமே. சுற்றின் மொத்த மின்தேக்குத்திறனில் அரை விழுக்காட்டளவு மாற்றமே இதற்குப் போதுமானது. விரலின் சிறு அசைவும் சுரத்தை மாற்றிவிடும் என்பதும், இசைப்பவர் மூச்சுவிடும்போது உடல் அசைந்தாலும் சுருதி பிறழும் என்பதும் இதனால் பெறப்படும். கிடைநிலையில் அமைந்த மற்றொரு வளையத்தை நோக்கி இடக்கை இறங்கும்போது ஒலியளவு குறையும். சுரத்தானங்களைக் காட்டும் மெட்டோ கட்டையோ இக்கருவியில் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குச் செல்லும் வழி முழுவதும் ஒலித்துக்கொண்டே இருப்பதால், தன்மையில் இது மிடற்றிசைக்கு நெருங்கியது.

தெர்மென் 1927இன் இறுதியில் அமெரிக்கா சென்றார். 1928இல் அங்குக் காப்புரிமை பெற்றார். 1929இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எவரும் எளிதில் இசைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அவ்வாண்டின் இறுதியில் பங்குச்சந்தையும் வீழ்ந்தது. ஏறத்தாழ 500 கருவிகளே உருவாக்கப்பட்டன. வணிகத்தில் தோற்ற இக்கருவிக்கு இசை மதிப்பை ஈட்டித் தந்தவர் கிளாரா ராக்மோர். இளமையில் வயலின் பயின்று, உடல்நலக் குறைவால் அதனைக் கைவிட நேர்ந்த இவர், காற்றில் விரல்களை நிலைநிறுத்தும் முறை ஒன்றைத் தாமே வகுத்தார். விரல்களை மூடியும் படிப்படியாக விரித்தும் சுரங்களை அடையும் அம்முறை, தொடுபுலன் துணையற்ற கருவிக்கு இலக்கணம் தந்தது எனலாம். தெர்மென் அவருக்கெனத் தனிக்கருவி ஒன்றையும் செய்து தந்தார்.

1938இல் தாயகம் திரும்பிய தெர்மென் கைதுசெய்யப்பட்டு, சிறைக் கைதிகளான அறிவியலாளர் பணியாற்றிய ஆய்வகத்தில் உழைக்க நேர்ந்தது. 1945இல் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாக வழங்கப்பட்ட மரச் சின்னத்துள் மறைந்திருந்த ஒட்டுக்கேட்பு அமைப்பு அவர் வடிவமைத்தது. அதில் மின்கலம் கிடையாது. அறையில் பேசுவோரின் குரலால் அதிரும் மெல்லிய தகடு மின்தேக்குத்திறனை மாற்றும். வெளியிலிருந்து செலுத்தப்படும் வானொலி அலையில் அம்மாற்றம் பதியும். 1952வரை அது கண்டுபிடிக்கப்படவில்லை. கையசைவை இசையாக்கிய அதே இயற்பியல் இங்கு உளவுக்குப் பயன்பட்டது. நுட்பம் ஒன்றாயினும் அதனைப் பயன்கொள்ளும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே அதன் பயனை முடிவுசெய்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதழ்வழிப் பரவிய செய்முறை அறிவு

தொழிற்சாலை கைவிட்ட தெரமினைப் பொழுதுபோக்கு மின்னணுவியல் இதழ்கள் உயிரோடு வைத்திருந்தன. 1934இல் நியூயார்க்கில் பிறந்த ராபர்ட் மூக், பதின்பருவத்தில் இதழொன்றில் வெளியான வரைபடத்தைப் பார்த்துத் தம் முதல் தெரமினைச் செய்தார். 1954இல் தாமே ஒரு செய்முறைக் கட்டுரையை வெளியிட்டார். வால்வுகளுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்களைக் கொண்ட வடிவத்தை 1961இல் இதழில் விளக்கி, உதிரிப் பாகங்களைத் தொகுப்பாக விற்கத் தொடங்கினார். வாங்குபவர் தம் கையாலேயே பற்றாசு வைத்துக் கருவியை முடிக்க வேண்டும்.

இத்தொகுப்பை வாங்கிச் செய்தவர்களுள் ஒருவர் இசையாசிரியரும் இசையமைப்பாளருமான ஹெர்பர்ட் டாய்ச். இருவரும் 1963இல் சந்தித்தனர். அதன் பயனாக 1964இல் மூக் இசைத்தொகுப்பி உருவாயிற்று. பின்னாளில் திரையிசை, மெல்லிசை, ராக் இசை ஆகியவற்றின் ஒலியையே மாற்றிய கருவி அது. அதன் தோற்றத்தில் மூன்று படிகள் உள்ளன: இதழில் வெளியான வரைபடம், அதனைச் செய்து பார்த்த சிறுவன், அவனிடம் பாகங்கள் வாங்கித் தானும் செய்த இசைவாணர். வரைபடம் மறைவாக வைக்கப்பட்டிருந்தால் இம்மூன்று படிகளும் நிகழ்ந்திரா. கருவி செய்பவரும் இசையமைப்பவரும் ஒரே மொழியில் உரையாட இயன்றதற்கும், இருவரும் அதே சுற்றைக் கையால் செய்திருந்தமை காரணமாயிற்று எனக் கொள்ளலாம்.

ஸ்டைலோஃபோன்: விளையாட்டுப் பொருளும் இசைக்கருவியும்

இங்கிலாந்தில் பிரையன் ஜார்விஸ் 1967இல் உருவாக்கிய ஸ்டைலோஃபோன், கையடக்கமான மின்கலக் கருவி. டூப்ரெக் நிறுவனம் 1968 முதல் 1975 வரை இதனை விற்றது. ஏறத்தாழ 30 இலட்சம் கருவிகள் விற்பனையாயின. இதன் கட்டைகள் அசைவதில்லை. அச்சிட்ட மின்சுற்றுப் பலகையிலுள்ள உலோகப் பட்டைகளே கட்டைகள். கம்பியில் இணைந்த எழுதுகோல் போன்ற முனையால் ஒரு பட்டையைத் தொட்டவுடன் சுற்று முழுமையடைகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் வெவ்வேறு மதிப்புள்ள மின்தடை ஒன்று உண்டு. தொடப்பட்ட பட்டையின் மின்தடைக்கேற்ப அலையியற்றியின் அதிர்வெண் அமைகிறது.

ஒரே அலையியற்றி இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். எவ்வளவு அழுத்தினாலும் ஒலியளவு மாறாது. இக்குறைகளால் இது சிறுவர் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. ஆயினும், 1969இல் வெளிவந்த டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’ பாடலில் இதன் ரீங்காரம் இடம்பெற்றது. விண்வெளியில் தனித்து மிதப்பவனைப் பற்றிய அப்பாடலுக்கு இதன் உயிரற்ற, மாறா ஒலியே பொருத்தமாயிற்று. கருவியின் குறை, அதற்கு உரிய சூழலில் பண்பாக மாறுவதை இங்குக் காணலாம்.

555 நேரங்காட்டியும் படிநிலை ஒலியாக்கியும்

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட், சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்திற்காக 1971இல் வடிவமைத்து, 1972இல் சந்தைக்கு வந்த 555 நேரங்காட்டிச் சில்லு, வீட்டு மேசையில் ஒலியாக்கும் முயற்சிகளுக்குப் பெருந்துணையாயிற்று. எட்டுக் கால்கள் கொண்ட இச்சில்லு சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணு உதிரிக் கடைகளில் ஒரு குவளைத் தேநீரின் விலையை ஒட்டிய தொகைக்கு இன்றும் கிடைக்கும்.

இதன் செயல்முறை எளியது. சில்லுக்குள் உள்ள மூன்று சம மின்தடைகள் மின்கலத்தின் அழுத்தத்தை மூன்றாகப் பகுக்கின்றன. வெளியே இணைத்த மின்தேக்கி, மின்தடைகள் வழியே மெல்ல மின்னேற்றம் பெறுகிறது. அதன் அழுத்தம் மூன்றில் இரு பங்கை எட்டியதும் சில்லு அதனை இறக்கத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்கிற்குக் குறைந்ததும் மீண்டும் ஏற்றம் தொடங்கும். நாழிகை வட்டிலில் நீர் நிறைவதும் வடிவதும் மாறி மாறி நிகழ்வதை ஒத்தது இது. இரு எல்லைகளும் மின்கல அழுத்தத்தின் பின்னங்களாகவே அமைவதால், மின்கலம் ஓரளவு தளர்ந்தாலும் சுருதி பெரிதும் மாறாது.

இரு 555 சில்லுகளை, அல்லது இரண்டும் ஒன்றாக அடங்கிய 556 சில்லினை, அடுத்தடுத்து இணைக்கும் சுற்றொன்றை அமெரிக்க எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் 1980இல் தம் கையேட்டில் வெளியிட்டார். பின்னர் அதற்குப் படிநிலை ஒலியாக்கி என்னும் பொருள்படப் பெயரிட்டார். செய்துபார்த்தோர் வட்டத்தில் அது ‘அட்டாரி பங்க் கன்சோல்’ என்னும் வேடிக்கைப் பெயரால் புகழ்பெற்றது. பழைய நிகழ்பட விளையாட்டுகளின் ஒலியை அது நினைவூட்டுவதே அப்பெயருக்குக் காரணம்.

இச்சுற்றில் முதல் சில்லு இடைவிடாத அலையியற்றி. சீரான இடைவெளியில் தூண்டல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாம் சில்லு ஒரு தூண்டலைப் பெற்றதும் குறிப்பிட்ட கால அளவிற்கு ஒரு துடிப்பை எழுப்பும். அத்துடிப்பு முடியும்வரை இடையில் வரும் தூண்டல்களைப் பொருட்படுத்தாது. ஆதலின், இரண்டாம் சில்லின் துடிப்பு நீளும்போது அது ஒரு தூண்டலை விடுத்து அடுத்ததற்கும், பின்னர் இரண்டை விடுத்து அடுத்ததற்கும் மட்டுமே விடையளிக்கும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். முதல் சில்லில் 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம் மின்தடைகளும் 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இணைத்தால், அதிர்வெண் ஏறத்தாழ 716 ஹெர்ட்ஸ். இரு தூண்டல்களுக்கு இடைப்பட்ட காலம் 1.4 மில்லிநொடி. இரண்டாம் சில்லில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் ஒரு மாறுமின்தடையும் இருப்பதாகக் கொள்வோம். துடிப்பின் நீளம், மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கி 1.1ஆல் மீண்டும் பெருக்கக் கிடைக்கும். மின்தடை 10 கிலோ ஓம் எனில் துடிப்பு 1.1 மில்லிநொடி, ஒவ்வொரு தூண்டலும் விடைபெறும், 716 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். 20 கிலோ ஓம் எனில் துடிப்பு 2.2 மில்லிநொடி, ஒன்றுவிட்டு ஒரு தூண்டலே விடைபெறும், 358 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். 30 கிலோ ஓம் எனில் மூன்றில் ஒன்று, அதாவது 239 ஹெர்ட்ஸ். 40 கிலோ ஓம் எனில் நான்கில் ஒன்று, அதாவது 179 ஹெர்ட்ஸ். திருகைச் சீராகத் திருப்பினும் ஒலி சீராக இறங்காமல் படிபடியாக இறங்குவது இதனாலேயே.

இப்படிகளின் விகிதங்கள் இசையாய்வாளரின் கவனத்திற்குரியவை. முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள விகிதம் 2:1. இது ஒரு தானத்தின் வேறுபாடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 3:2; இது குரலுக்கும் இளிக்கும், அதாவது சட்சத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவு. அடுத்தது 4:3; இது குரலுக்கும் உழைக்கும், அதாவது சட்சத்திற்கும் சுத்த மத்திமத்திற்கும் உள்ள உறவு. அதனை அடுத்த 5:4 என்னும் விகிதம் சட்சத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் உரியது. இசைக்கென யாரும் சுருதி கூட்டாத, விலை மலிந்த இச்சுற்று, தூண்டல்களை எண்ணி விடுக்கும் தன் இயல்பால் மட்டுமே இவ்விகிதங்களை அடைகிறது. முழு எண் விகிதங்களே இணக்கமான இசையுறவுகளுக்கு அடிப்படை என்னும் கோட்பாட்டை வகுப்பறையில் செவிவழி மெய்ப்பிக்க இதனினும் எளிய கருவி அரிது. நரம்பைப் பகுத்துக் காட்டும் பாடத்திற்கு இணையாக இதனையும் இசைக் கல்லூரிகளில் பயன்படுத்த இயலும்.

சுற்று வளைப்பு: பிழையை இசையாக்கல்

மேற்கண்டவை சுற்றினை அறிந்து செய்பவை. அறியாத சுற்றைத் திறந்து, அதனைத் தடம் மாற்றுவது மற்றொரு முறை. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ரீட் கசாலா, 1960களில் சிறுவனாக இருந்தபோது, பின்மூடி திறந்திருந்த சிறு பெருக்கி ஒன்று மேசை இழுப்பறைக்குள் உலோகப் பொருளில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டதால் விந்தையான ஒலிகள் எழக் கேட்டார். தற்செயலாக நேர்ந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்னும் எண்ணமே இம்முறையின் தொடக்கம். 1992இல் அவர் இதற்குச் சுற்று வளைப்பு எனப் பெயரிட்டார். 2005இல் இதற்கெனச் செய்முறை நூலொன்றையும் வெளியிட்டார்.

செய்முறை பின்வருமாறு அமையும். மின்கலத்தால் இயங்கும், ஒலியெழுப்பும் பழைய விளையாட்டுப் பொருள் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, சுற்றுப் பலகையில் உள்ள இரு புள்ளிகள் ஒரு கம்பியால் இணைத்துப் பார்க்கப்படும். ஒலி சுவையாக மாறினால் அப்புள்ளிகள் குறித்துக்கொள்ளப்படும். பின்னர் அவற்றுக்கிடையே ஒரு விசையோ மாறுமின்தடையோ பற்றாசு வைத்து இணைக்கப்படும். சில்லின் வேகத்தை முடிவுசெய்யும் மின்தடைக்குப் பதிலாக மாறுமின்தடையைப் பொருத்தினால், குரலின் சுருதியும் வேகமும் இசைப்பவரின் கட்டுப்பாட்டிற்கு வரும். உலோகக் குமிழ் ஒன்றைப் பொருத்தினால் இசைப்பவரின் உடலே மின்தடையாகச் செயல்படும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ‘ஸ்பீக் அண்டு ஸ்பெல்’ என்னும் எழுத்துக்கூட்டல் பயிற்சிப் பொருள், சுற்று வளைப்போர் மிகவும் விரும்பியது. மனிதக் குரலின் வடிவத்தைச் சில அளபுருக்களாகச் சுருக்கி நினைவகத்தில் வைத்து, ஒரு சில்லின் துணையால் மீண்டும் குரலாக்கும் முறையை அது கையாண்டது. நினைவகத்திற்கும் குரலாக்கச் சில்லிற்கும் இடையிலுள்ள தடங்களை இணைத்தால், சில்லு தவறான அளபுருக்களைப் பெறும். சொல்லாக வரவேண்டியது முனகலாகவும் மொழியறியாப் பேச்சாகவும் வெளிப்படும். குரலாக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை, அது பிழைபடும் இடத்தில்தான் கேட்பவர் உணர்கிறார். நலமாகப் பேசும்போது பொருள் மட்டுமே கேட்கிறது.

மின்னணுக் கோட்பாடு அறியாதவரும் இதில் ஈடுபடலாம் என்பது கசாலா வலியுறுத்தியது. இதில் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. பட்டறிவற்ற சிறுவரும் தமக்கெனத் தனித்த கருவி ஒன்றை அடையமுடிவது வலிமை. ஒரு கருவியைப் போல் மற்றொன்று அமைவதில்லை. ஏன் அவ்வொலி எழுகிறது என்று விளக்க இயலாததும், தவறான இணைப்பால் சில்லு நிலையாகக் கெட்டுப்போவதும் குறை. நிக்கோலஸ் காலின்ஸ் 2006இல் வெளியிட்ட கைவினை மின்னிசை பற்றிய நூல் இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நிற்கிறது. அது கேட்டறிவதில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சுற்றின் இயல்பைக் கற்பிக்கிறது.

இம்முறைக்கு மீறக்கூடாத ஓர் எல்லை உண்டு. மின்கலத்தால் இயங்குபவற்றை மட்டுமே திறக்கவேண்டும். 230 வோல்ட் வீட்டு மின்னிணைப்பில் இயங்கும் எப்பொருளையும் இவ்வாறு தொடுதல் உயிருக்கே ஊறு. இணைப்பைத் துண்டித்த பின்னும் அவற்றின் பெரிய மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும். பற்றாசு வைக்கும் அறையில் காற்றோட்டமும், ஈயம் கலந்த பற்றாசைத் தொட்டபின் கைகழுவுதலும் தேவை. மாணவர்க்குக் கற்பிக்க முனைவோர் இதனை முதற்பாடமாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஏற்பும் மறுப்பும்

மின்னிசைக் கருவிகள் ஏற்கப்பட்டதும் மறுக்கப்பட்டதும் ஒலியின் தரத்தால் மட்டும் நிகழ்ந்தவை எனக் கூற இயலாது. லூயி பாரன், பீபி பாரன் ஆகிய இணையர் தாமே செய்த சுற்றுகளை மிகை மின்னழுத்தத்திற்கு உள்ளாக்கி, அவை எரிந்தழியும் வரை எழுப்பிய ஒலிகளைப் பதிவுசெய்து, 1956இல் வெளிவந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ திரைப்படத்திற்குப் பின்னணி அமைத்தனர். படத்தின் பெயர்ப்பட்டியலில் அது இசை எனக் குறிக்கப்படவில்லை. மின்னணு ஒலிநிலைகள் என்னும் பொருள்படவே குறிக்கப்பட்டது. இசைக்கலைஞர் சங்கத்தோடு எழக்கூடிய பூசலைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். அச்சுற்றுகள் எரிந்துபோனமையால் அவ்வொலியை மீண்டும் எழுப்ப இயலாது. ஒலிநாடாப் பதிவே எஞ்சியது.

இதற்கு மாறான நிலையைக் கருநாடக இசையரங்கில் காணலாம். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின் தம்பூரா, 1979இல் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆண்டு மாநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தம்பூராவின் வேலை சுருதியை நிலைநிறுத்துவது. பாடகரின் கற்பனைக்கு அது போட்டியாவதில்லை. ஓர் இசைவாணரே பொறியாளராகவும் இருந்து, அரங்கின் தேவையை அறிந்து செய்த கருவி என்பதும் கருதத்தக்கது. மின்சுருதிக் கருவிகள் பின்னர் வீட்டுப் பயிற்சியிலும் மேடையிலும் பரவலான இடம்பெற்றன. மின்னொலி என்பதனாலேயே ஒரு மரபு அதனை விலக்கிவிடுவதில்லை என்பதும், மரபுக்குள் அது ஏற்கும் பணியே ஏற்பை முடிவுசெய்கிறது என்பதும் இதனால் பெறப்படும்.

கருவியைத் திறக்கும் உரிமை

தெர்மெனின் சுற்றை 1954இல் ஒரு மாணவர் இதழில் விளக்க முடிந்தது. 1980இல் மிம்ஸின் சுற்றைப் படித்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிட முடிந்தது. கண்ணால் காணத்தக்க பாகங்களும் வெளிப்படையான வரைபடமுமே அதற்குக் காரணம். இன்றைய ஒலிக்கருவிகளில் பாகங்கள் மிகச் சிறியவை. பல பணிகள் ஒரே சில்லுக்குள் மென்பொருளாக உறைகின்றன. மேலுறை பசையால் ஒட்டப்படுகிறது. வளைப்பதற்கு ஏற்ற பழைய விளையாட்டுப் பொருள்கள் அருகிவருகின்றன. அவற்றின் குரலாக்கச் சில்லுகள் உற்பத்தியில் இல்லை.

இதன் விளைவு இருவகைப்படும். ஒன்று, பழுதுற்ற கருவி குப்பையாகிறது. மற்றொன்று, கருவி செய்யும் அறிவு ஒரு சில நிறுவனங்களுக்குள் ஒடுங்குகிறது. நரம்பு அறுந்த யாழுக்குப் பாணன் தானே நரம்பு கட்டியிருப்பான். மென்பொருள் பழுதான இசைத்தொகுப்பிக்கு அதன் உரிமையாளர் செய்யத்தக்கது மிகக் குறைவே. உற்பத்தி நிறுவனம் மூடப்பட்டால், வரைபடமும் மென்பொருளும் இன்றி அக்கருவியின் ஒலியும் முடிவுக்கு வரும். அதனில் இயற்றப்பட்ட இசை பதிவுகளில் நிலைத்திருக்கலாம். அதனை மீண்டும் இசைக்கும் வழி இராது. யாழுக்கு நேர்ந்ததற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இக்கருவிகளுக்கு ஒரு தலைமுறையே போதும்.

கைவினை மின்னிசை மரபு இதற்கு முழுத் தீர்வு ஆகாது. எனினும், வரைபடத்தை வெளியிடுதல், பாகங்களைத் தொகுத்து வழங்குதல், பழுதின் வழியே கற்றல் என்னும் அதன் மூன்று நடைமுறைகளும் செய்முறை அறிவைப் பலர் கைகளில் பரப்பிவைக்கின்றன. பலர் கையில் உள்ள அறிவு எளிதில் அழிவதில்லை.

முடிவுரை

இக்கட்டுரையில் விளக்கப்பட்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். தெரமின், இரு அலைகளின் விம்மலைக் கையசைவால் ஆள்வது. ஸ்டைலோஃபோன், மின்தடைகளின் வரிசையைத் தொடுகையால் தெரிவுசெய்வது. படிநிலை ஒலியாக்கி, தூண்டல்களை எண்ணி விடுப்பதன் மூலம் முழு எண் விகிதங்களை அடைவது. சுற்று வளைப்பு, பிறர் அமைத்த சுற்றின் பிழைகளை இசையாக்குவது. நான்கிலும் விந்தையாகவோ குறையாகவோ கருதப்பட்ட ஒன்றே இசைப்பண்பாக மாறியுள்ளது. அவை பரவியதற்கு வெளிப்படையான செய்முறை அறிவே பெருங்காரணம்.

தமிழில் இத்துறைக்கு இரு பணிகள் உடனடித் தேவையாகின்றன. அலையியற்றி, விம்மல், மின்தேக்கி முதலிய பள்ளி இயற்பியற் சொற்களை இசைக்கருவியியலோடு இணைத்துக் கலைச்சொல் தொகுதி ஒன்றை உருவாக்குதல் முதலாவது. தமிழ்நாட்டு மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பயன்பட்டு இன்று மூலையில் கிடக்கும் மின்னிசைக் கருவிகளையும், அவற்றைப் பழுதுநீக்கிய தொழில்வல்லாரின் நினைவுகளையும் ஆவணப்படுத்துதல் இரண்டாவது. அத்தொழில்வல்லார் பலர் முதுமையை எய்தியுள்ளனர். இவ்விரண்டனுள் கலைச்சொல் தொகுதி காத்திருக்கலாம். ஆவணப்படுத்தல் காத்திருக்க இயலாது.